நான்கு மடங்கு வேகமா? எதில்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கூட்டத்தில் எக்ஸெல் தாள் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸைவிட மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் நான்கு மடங்கு வேகமாம். "சார், மாத்திடலாமா?" மாற்றுவதென்றால் ஆறு மாத வேலை. நான் ஒன்றுதான் கேட்டேன்: கமிட் ஆனது, அதாவது மாற்றம் உறுதியாகிவிட்டது என்று பதில் வந்த நொடியில் தரவு டிஸ்கில் இருக்கிறதா?

ஒருவருக்கும் தெரியவில்லை. அமைப்புக் கோப்பைத் திறந்தோம். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, ஒவ்வொரு கமிட்டுக்கும் லாகை (மாற்றங்களின் குறிப்பேட்டை) டிஸ்கில் உறுதியாக எழுதாமல், சுமார் நொடிக்கு ஒருமுறை எழுதும்படி யாரோ மாற்றியிருந்தார்கள். மின்சாரம் போனால் கடைசி ஒரு நொடி வரவு செலவு காற்றோடு போகும். போஸ்ட்கிரெஸோ ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்கின் பதிலுக்காகக் காத்திருந்தது. இதில் மைஎஸ்க்யூஎல் மீது குற்றமில்லை. போஸ்ட்கிரெஸிலும் ஒரு வரியில் இதே விளையாட்டை ஆடலாம். ஒருவர் பதிவுத் தபால் அனுப்புகிறார், இன்னொருவர் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுகிறார். யார் சீக்கிரம் வீடு திரும்பினார் என்று ஒப்பிட்டு என்ன பயன்?

நிமிடத்துக்கு 7200 சுழற்சி கொண்ட பழைய டிஸ்க் நொடிக்கு 120 முறைதான் சுற்றும்; ஒவ்வொரு கமிட்டும் எழுதும் இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதில் ஒரே இணைப்பு, ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு ஆயிரக்கணக்கில் கமிட் செய்கிறது என்றால், மின்சாரம் போனாலும் தாங்கும் கேஷ் என்ற இடைக்கால நினைவகம் நடுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ ஒரு பொய் இருக்கிறது.

சரி, சோதனை எப்படி நடந்தது? மைஎஸ்க்யூஎல் பக்கம் சிஸ்பெஞ்ச், போஸ்ட்கிரெஸ் பக்கம் பிஜிபெஞ்ச் என்று இரண்டு வேகச் சோதனைக் கருவிகள். கேள்வித்தாளே வேறு. பிஜிபெஞ்ச்சை, சோதனைத் தரவு எவ்வளவு பெரிது என்று சொல்லும் அளவு எண் 1 என்ற இயல்புநிலையில், 50 இணைப்புகளோடு ஓட்டியிருந்தார்கள். அந்த அளவில் வங்கிக் கிளைகளின் அட்டவணையில் இருப்பது ஒரே ஒரு பதிவு. ஒவ்வொரு ட்ரான்ஸாக்ஷனும் அதைத்தான் திருத்தியாக வேண்டும். ஐம்பது பேரும் ஒரே பூட்டுக்கு வரிசையில் நின்றார்கள். அளந்தது அந்த வரிசையின் நீளத்தை. அளவு எண் இணைப்புகளின் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது என்று அதன் கையேடே சொல்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்!

இது இன்றைய வியாதி அல்ல. 1980-களில் விற்பனையாளர்கள் ஆளுக்கொரு கணக்கில் வேகத்தை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கட்டுப்படுத்த 1988-இல் வேகச் சோதனைகளுக்குப் பொது விதி வகுக்கும் டிபிசி அமைப்பு உருவானது. 1992-இல் வந்த அதன் டிபிசி-சி என்ற சோதனை, திரை முன் இருப்பவர் தட்டச்சு செய்யும் நேரத்தையும் யோசிக்கும் நேரத்தையும் கணக்கில் வைத்தது. அதனால் சோதனையில் வரும் ஒரு கற்பனைக் கிடங்குக்கு நிமிடத்துக்குச் சுமார் 12.86 ஆர்டருக்கு மேல் வர முடியாது. அதிக எண் வேண்டுமா, தரவையும் பெருக்கு. விலையையும் முழு அமைப்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். யோசிக்கும் நேரத்தை நீக்கிவிட்டு "டிபிசி-சி செய்தோம்" என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

விதி வந்தால் குறுக்குவழியும் வரும். டிபிசி-டி என்ற இன்னொரு சோதனையில் வினவல்கள் முன்பே தெரியும் என்பதால் விடைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிட்டார்கள். 1999-இல் அதை எச், ஆர் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. இன்னொரு வழி, அளப்பவரின் வாயைக் கட்டுவது. 1983-இல் ஆய்வாளர் டேவிட் டிவிட் குழுவினரின் விஸ்கான்சின் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையில் ஆரக்கிள் டேட்டாபேஸ் சோபிக்கவில்லை. அதன்பின் அனுமதியில்லாமல் முடிவுகளை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை உரிமத்தில் ஏறியது. அதற்கு டிவிட் விதி என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளில் வணிக டேட்டாபேஸ்கள் 'எக்ஸ்' என்று முகமூடியோடு வருவது இதனால்தான்.

நாங்கள் மறுபடி ஓட்டினோம். இருபுறமும் ஒரே கமிட் உறுதி. ஒரே நேரத்தில் ஓடும் ட்ரான்ஸாக்ஷன்களைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் நிலையையும் சமமாக்கினோம், ஏனென்றால் இரண்டின் இயல்புநிலையும் வேறு. தரவு ரேம் நினைவகத்தைவிடப் பெரியது. இரண்டு நிமிடம் அல்ல, ஒரு மணி நேரம். சேர்ந்த மாற்றங்களை மொத்தமாக டிஸ்கில் எழுதும் செக்பாயின்ட் வரும்போது மூச்சுத் திணறுவது அப்போதுதான் தெரியும். சராசரியோடு, நூற்றில் மிக மெதுவான அந்த ஒரு வினவலின் நேரத்தையும் குறித்தோம்.

நான்கு மடங்கு காணாமல் போயிற்று. எழுதுவதில் ஒன்று கொஞ்சம் முன்னே, பல அட்டவணைகளை இணைக்கும் சிக்கலான ஜாயினில் மற்றது முன்னே. அப்புறம்தான் தோன்றியது, இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது என்று கேட்க. மாதக் கடைசி அறிக்கை ஒன்று நாற்பது நிமிடம் ஓடுகிறதாம். அதன் தேதிப் பத்தியில், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் இல்லை.