வெள்ளிக்கிழமை ஸ்கேன் இருக்கிறதே என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நோயாளியிடம் அதிகம் பேசாத டாக்டர்கள் என்று ரேடியாலஜிஸ்டுகளுக்கு ஒரு பெயர் உண்டு. இருட்டறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிற எனக்கே பொறுமை போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒருவர் வந்தார். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர், ஐம்பதை ஒட்டிய வயது. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகக் குனிந்து நிமிர்கிற தொழில், இடுப்பு வலி அதில் புதிதல்ல. வலி வலது காலுக்கு இறங்கியதும் டாக்டரிடம் போயிருக்கிறார். அவர் சோதித்துவிட்டு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அவசரம் ஒன்றும் இல்லை, சரியாகத்தான் செய்திருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தேதி கிடைத்தது. இடையில் திங்கட்கிழமை இரண்டு காலும் மரத்துப்போக ஆரம்பித்தன. செவ்வாய் காலையிலிருந்து ஒண்ணுக்குப் போகவில்லை, முக்கினால் சொட்டுச் சொட்டாக வந்திருக்கிறது. உட்காரும் இடத்தில் துணியை வைத்து அடைத்த மாதிரி உணர்ச்சியே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மெஷினில் இருக்கும் பையன் முதல் படம் விழுந்ததுமே ஓடிவந்து என்னைக் கூப்பிட்டான். இடுப்புக்கு எடுத்த படத்தில் பாதி இடத்தை மூத்திரப்பை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில் பிதுங்கிய டிஸ்க், கீழே இறங்கும் நரம்புக் கற்றையை மொத்தமாக நசுக்கியிருந்தது.

“செவ்வாய்க்கிழமையே ஏம்மா கூட்டிட்டு வரல?” என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

“டேட்டு வெள்ளிக்கிழமைக்குல்லா சாரே தந்திருக்கு? ஸ்கேன் இல்லாம டாக்டர்கிட்ட போனா அவரு என்ன சொல்லப் போறாரு?”

அன்றைக்கே ஆபரேஷனுக்கு அனுப்பினோம். கால்கள் ஓரளவு திரும்பிவிட்டன. மூத்திரம் இன்னும் டியூப்பில்தான் போகிறது.

அந்த அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதைத்தான் படித்தவர்களும் சொல்கிறார்கள், வாத்தியார் சொல்கிறார், பேங்க் மேனேஜர் சொல்கிறார். “டேட் வாங்கியாச்சு டாக்டர், அதுவரை எப்படியாவது சமாளிச்சிருவோம்.” எதைச் சமாளிப்பது? எதற்காகச் சமாளிப்பது?

சீட்டில் இருக்கும் அந்தத் தேதியை யார் போட்டது என்று நினைக்கிறீர்கள்? முன்னால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண். அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எம்ஆர்ஐ மெஷின் ஒன்றுதான், ஓர் இடுப்பு எடுக்க அரை மணி நேரம் போகும், மூளைக்கும் இடுப்புக்கும் சேர்த்து எழுதியிருந்தால் இன்னும் கூடும். காலியாக இருக்கும் அடுத்த இடத்தில் உங்கள் பெயரை எழுதுகிறாள். அவ்வளவுதான் அந்தத் தேதியின் ரகசியம். உங்கள் உடம்பு அதுவரை தாங்கும் என்று யாரும் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல அது. டாக்டர் சீட்டு எழுதிய அன்று உங்களுக்கு என்ன இருந்ததோ, அதற்கு மட்டும்தான் அந்தத் தேதி பொருந்தும். நிலைமை மாறினால் தேதி செல்லாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயார்: நிலைமை மாறினால் தேதி செல்லாது.

சரி, இன்னொரு பாதி. “ஸ்கேன் இல்லாமல் டாக்டர் என்ன சொல்லுவார்?” நிறையச் சொல்லுவார். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பார்ப்பார். குதிகாலில் நடக்கச் சொல்லுவார். முழங்காலில் சுத்தியலால் தட்டுவார். உட்காரும் இடத்தில் பஞ்சால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். இவ்வளவிலேயே இது இன்றைக்குப் பார்க்க வேண்டியதா, அடுத்த வாரம் பார்த்தால் போதுமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இன்றைக்கே வேண்டும் என்றால் அவரே எங்களுக்கு ஒரு போன் போடுவார், கவுண்டர் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு உங்களை உள்ளே விடுவோம். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேரே போனால் தேதி என்ற பேச்சே எழாது. எங்களிடம் வரிசையில் இருக்கும் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

எது வந்தால் காத்திருக்கக் கூடாது? இடுப்பு வலிக்காரர்களுக்குச் சொல்லிவிட்டேன்: மூத்திரம் அடைத்தல் அல்லது அறியாமல் போதல், உட்காரும் இடம் மரத்தல், கால் பலம் குறைதல். இதெல்லாம் சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய விஷயம். தலைவலிக்காக மூளை ஸ்கேனுக்குக் காத்திருப்பவர்களுக்கு வலிப்பு வந்தாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, பெரிய வெடி வெடித்த மாதிரி ஒரே நொடியில் வலி உச்சிக்கு ஏறினாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள். 108 ஆம்புலன்ஸ் களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கமும் வரும், கேரளத்தில் அந்தப் பக்கமும் வரும்.

எல்லையில் இருக்கிற நமக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதற்கெடுத்தாலும் “திருவனந்தபுரம் கொண்டு போயிருவோம்”. அங்கே நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வாய் கோணி, கை விழுந்துவிட்டது என்றால் பக்கத்தில் சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போக வேண்டும். மூளை ரத்தக்குழாயில் அடைப்பா, ரத்தக் கசிவா என்று சிடியில் பார்த்த பிறகுதான் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடியும், பொதுவாக அதற்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நாகர்கோவிலில் விழுந்தவரை பக்கத்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜைத் தாண்டிக் கொண்டுபோய் பாலராமபுரம் நெரிசலில் நிறுத்தி வைத்து அந்த நேரத்தைத் தின்னாதீர்கள்.

மாறுதல் ஒன்றும் இல்லாமல், நிஜமாகவே காத்திருக்க மட்டும் வேண்டியவர்கள்தான் அதிகம். அவர்களின் பாடு எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கம் வராது. செல்போனில் தேடினால் எல்லாப் பாதையும் புற்றுநோயில் போய் முடியும். இதில் டாக்டரின் சீட்டும் சேர்ந்துகொள்கிறது: ‘கட்டி’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டு வீடே அழுகிறது. ஐயா, அம்மா, அந்தக் கேள்விக்குறி எனக்கு எழுதியது. இது இல்லை என்று பார்த்துச் சொல் என்று என்னிடம் கேட்கிறார். நான் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ‘இல்லை’ என்றுதான் பதில் எழுதுகிறேன். தேடுவதை நிறுத்திவிட்டு ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள்: வலி எப்போது தொடங்கியது, எங்கே, எப்போது கூடுகிறது, என்ன மாத்திரை. எங்களுக்கு அது உதவும், உங்கள் கைக்கும் ஒரு வேலை.

ஸ்கேனுக்கு வரும்போது பழைய படங்களைக் கொண்டு வாருங்கள். கேரளப் பக்கத்து ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தின் சிடி தட்டோ பிலிமோ எதுவானாலும் சரி, போன வருஷத்துப் படம் பக்கத்தில் இருந்தால்தான் புதுசா பழசா என்று சொல்ல முடியும். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று பிரஷர் மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள், ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரையைப் பற்றி முன்னாடியே போன் செய்து கேளுங்கள், கிட்னிக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது: இறால் ஒத்துக்கொள்ளாது, சிடிக்குப் போடும் மருந்து ஊசி போடலாமா? இறாலுக்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தம் இல்லை. முன்பு அதே ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்ததா என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

எம்ஆர்ஐ அறையில் இருப்பது காந்தம். கரண்ட் போனாலும் அந்தக் காந்தம் போகாது. வாட்ச், சாவி எல்லாம் எல்லோரும் கழற்றிவிடுகிறார்கள். தாலிக்கொடியில் வரிசையாகக் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை யாரும் சொல்வதில்லை, ஜாக்கெட்டுக்குள் ஒன்று, பாவாடை நாடாவில் ஒன்று. தாயத்துக்குள் இருக்கும் தகடு இன்னொன்று. பேஸ்மேக்கர் இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், மேஜையில் படுத்த பிறகு அல்ல. கல்ஃபில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

கதிர்வீச்சுப் பயத்தில் ஸ்கேனையே தள்ளிப் போடுகிறவர்களுக்கு: எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கதிர் கிடையவே கிடையாது. தலைக்கு எடுக்கும் சாதாரண சிடியில் சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு அது). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதனுக்கு ஒரு வருஷத்தில் இயற்கையாகக் கிடைப்பது உலக சராசரியில் 2.4. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் அங்கே இன்னும் கூடுதல். அந்த மணலில் கபடி ஆடி வளர்ந்தவர் தேவையான ஒரு சிடிக்குப் பயந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கர்ப்பமாக இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லுங்கள், அது வேறு கணக்கு.

அப்புறம் ரிப்போர்ட். கையில் வாங்கியதும் போட்டோ எடுத்து குவைத்தில் இருக்கும் மச்சானுக்கு அனுப்ப வேண்டாம். வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்களை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஆக, நான் எழுதும் தேய்மானம்தான் உங்கள் வலிக்குக் காரணம் என்று ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது, மச்சானாலும் முடியாது. சீட்டு எழுதிய டாக்டரிடமே போங்கள். ஒன்றும் இல்லை என்று வந்தாலும் போங்கள். மைக்ரேன் படத்தில் தெரியாது, பல வலிப்பு நோயாளிகளின் மூளைப் படமும் சுத்தமாகத்தான் இருக்கும். உங்கள் தொந்தரவு தொடர்கிறது என்றால் அதை அவரிடம் திரும்பச் சொல்லுங்கள், “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்” என்று பக்கத்து வீட்டில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.