புண்ணுதான் ஆறிட்டே, மாத்திரை எதுக்கு?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தோல் நோய் வார்டில் ஒரு சேலையைப் பிரித்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. பழைய நூல் சேலை. முதுகுப் புண்ணோடு ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. இழுத்தால் தோலும் கூடவே வந்துவிடும். சலைன் பாட்டிலில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாக நனைத்து, சிஸ்டர் ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று பிரித்தார். சேலைக்கு அடியில் செக்கச்செவேல் என்று காவி. யாரோ அக்கி எழுதியிருக்கிறார்கள். அதையும் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா ஒருக்களித்துப் படுத்தபடி, சத்தமே போடாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வந்தபோது ரத்த அழுத்தம் 80/50.

எனக்கு அவரை ஏற்கெனவே தெரியும். ஐம்பது வயதுக்குப் பக்கம், பீடி சுற்றுகிறவர். ஆளை அடையாளம் தெரியக் கூடாதென்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் இதே வார்டிலிருந்து ஒரு புண்கூட இல்லாமல், எனக்கு ஒரு சீப்பு நாட்டுப்பழமும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தினம் 50 மில்லிகிராமில் ஆரம்பித்து, மூன்று மாதத்தில் 20-க்குக் குறைத்திருந்தோம். பிறகு ஆளைக் காணவில்லை.

"சரியாப் போயிட்டுல்லா டாக்டரம்மா. பொறவு எதுக்கு மாத்திரைன்னு நிப்பாட்டிட்டேன். ஸ்டீராய்டு கிட்னிய அரிச்சிரும்னு மருமவன் போன்ல காட்டினாவ."

இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நோயின் பெயர் பெம்ஃபிகஸ் வல்காரிஸ். தோல் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் ஒரு புரதத்தை, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. ஒட்டு விட்டுப்போன இடத்தில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. தளதளவென்று இருக்கும், சீக்கிரம் உடைந்துவிடும், உடைந்த இடம் லேசில் ஆறாது. இது அம்மை இல்லை, அக்கி இல்லை, யாரிடமிருந்தும் ஒட்டிக்கொள்வதும் இல்லை. தட்டு, டம்ளர், துண்டை ஒதுக்கி வைக்காதீர்கள். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். இதை ஒவ்வொரு குடும்பத்திடமும் நாலு தடவை சொல்கிறேன். ஐந்தாவது தடவை மருமகள் தனியாக வந்து கேட்பார், "நிஜமாவே ஒட்டாதா மேடம்?"

பலருக்கு இது தோலில் தொடங்குவதே இல்லை. வாயில்தான் தொடக்கம். கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம் எல்லாம் உரிந்துபோகும். காரம் பட்டால் உயிர் போகும். மெடிக்கலில் பி காம்ப்ளெக்ஸ், வயிற்றுச் சூடு என்று மோர், வாய்ப்புண் ஜெல், கடைசியில் பல்லில்தான் கோளாறு என்று ஒரு பல் பிடுங்கல். இப்படியே நாலைந்து மாதம் போனபின் நெஞ்சில் முதல் கொப்புளம் வரும், அதன்பின் எங்களிடம் வருவார்கள். வாய்ப்புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் அது வெறும் சூடு இல்லை. பெம்ஃபிகஸாக இருக்கலாம், புற்றாக இருக்கலாம், வேறு எதாகவும் இருக்கலாம். காட்டிவிடுங்கள்.

கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கொப்புளத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் தோலை விரலால் அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு போகும். பயிற்சி மாணவர்களிடம் ஒரு தடவை பார்த்தால் போதும், வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் தேய்க்காதீர்கள் என்பேன், வலிக்கும். அப்புறம் பயாப்ஸி. சதைத் துணுக்கு எடுக்கிறார்கள் என்றாலே கேன்சர் என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடும். மிளகளவு தோல்தான் எடுக்கிறோம். சாயம் ஏற்றிப் பார்த்தால் செல்லைச் சுற்றி மீன்வலை மாதிரி பச்சையாக மின்னும். அப்படித் தெரிந்துவிட்டால் அப்புறம் வாதமே இல்லை.

இப்போது ஸ்டீராய்டுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு கிட்னியை அரிக்காது. இந்த ஒரு வரிக்குத் தனி போர்டே வைக்கலாம். குழந்தைகள் வார்டில் போய்ப் பாருங்கள். நெஃப்ரோடிக் சின்ட்ரோம் என்று முகமெல்லாம் வீங்கி வரும் பிள்ளைகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுக்கிற முதல் மருந்தே இதே ப்ரெட்னிசோலோன்தான். கிட்னியைக் கெடுக்கக்கூடியவை மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுகிறீர்களே, அந்த வலி மாத்திரைகள். அவற்றைப் பற்றி மருமகன் போனில் எதுவும் வருவதில்லை.

ஸ்டீராய்டுக்குப் பக்கவிளைவே இல்லையா என்றால், இருக்கிறது, நிறையவே இருக்கிறது. சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழலாம், முகம் உருண்டையாகும், கிருமித் தொற்று எளிதில் வரும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் மாத்திரை எழுதுவதில்லை. மாதாமாதம் வரச் சொல்வதும், ரத்தம் எடுப்பதும், கால்சியம் மாத்திரை தருவதும், கண் டாக்டரிடம் அனுப்புவதும் இதற்காகத்தான். நீங்கள் வந்தால் பார்த்துச் சரிசெய்யலாம். வராமல் போனால் நான் என்ன செய்ய?

மாத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1950-களில் ஸ்டீராய்டு புழக்கத்துக்கு வருவதற்கு முன், பெம்ஃபிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். உரிந்த தோல் வழியாக நீரும் புரதமும் வடிந்துகொண்டே இருக்கும், கிருமி உள்ளே ஏறும், ரத்தம் நஞ்சாகும். தீக்காயம் பட்டவர் நிலைமைதான். அந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றியது இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை.

திடீரென்று நிறுத்துவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஸ்டீராய்டு ஏதோ வெளியிலிருந்து வந்த விஷம் இல்லை. நம் அட்ரீனல் சுரப்பி தினமும் காலையில் சுரக்கிற சரக்கின் உறவுக்காரன்தான். வாரக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்தால் சுரப்பி வேலையை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். அதனால்தான் 50, 40, 30 என்று படி இறங்குகிறோம், அது மெல்ல விழித்துக்கொள்ள நேரம் வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் தரைமட்டம். மேலே சொன்ன 80/50-க்குக் கிருமித் தொற்றும் காரணம், இதுவும் காரணம். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்த்தோம்.

ஆனால் அவர் மாத்திரையை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அப்படியிருக்க, திடீரென்று நிறுத்தியதன் விளைவு இப்போது எப்படி வரும்? துருவிக் கேட்டபோதுதான் பை திறந்தது. உள்ளே பழுப்பு நிறப் பொடி, பிளாஸ்டிக் கவர், பெயர் இல்லை, தேதி இல்லை. "பக்கவிளைவே கிடையாது, மூலிகை" என்று ஒருவர் மாதாமாதம் ஊருக்கு வந்து கொடுத்தாராம். போட்ட ஒரு வாரத்தில் கேட்டதாம். நாலு மாதத்தில் முகம் நிலா மாதிரி ஆகியிருக்கிறது, எங்கள் 20 மில்லிகிராமில் இல்லாத நிலா. பொடிக்காரர் போன மாதம் வரவில்லை. பத்து நாளில் உடம்பெல்லாம் கொப்புளம். பொடியை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இந்த முகத்தை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டுக்குப் பயந்து ஓடி, எவ்வளவு என்றே தெரியாத ஸ்டீராய்டைக் கரண்டியால் சாப்பிட்டிருக்கிறார் என்பதுதான் என் கணிப்பு.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். எங்கள் பக்கத்துக் கட்டடத்துச் சித்த மருத்துவர் இந்தக் கொப்புளத்தைக் கண்டால் சீட்டு எழுதி நேரே என்னிடம் அனுப்புகிறார். என் கோபம் பெயர் இல்லாத கவர் மேல்தான்.

இப்போது வழிகள் நிறைய இருக்கின்றன. 1980-களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா தொடங்கிய பல்ஸ் சிகிச்சை, 28 நாளுக்கு ஒரு முறை மூன்று நாள் ஸ்டீராய்டு ட்ரிப், நம் நாட்டில் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தது. இப்போது ரிடுக்ஸிமாப் என்ற மருந்து வந்துவிட்டது. பொதுவாக ஒரு கிராம் வீதம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு ட்ரிப். சீக்கிரம் கொடுத்தால் ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைக்கலாம், பலருக்கு ஒரு கட்டத்தில் எல்லா மாத்திரையையும் நிறுத்தவும் முடிகிறது. திரும்பி வராது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். வரலாம். வந்தால் மறுபடி அடக்கலாம், முதல் கொப்புளத்திலேயே வந்தீர்களானால்.

வீட்டில் செய்ய வேண்டியவை. மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். வாந்தி வந்து மாத்திரை தங்கவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும், ஆபரேஷன் என்றாலும், ஸ்டீராய்டு எடுக்கிறேன் என்பதுதான் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், சில மாத்திரைகளை மாற்ற வேண்டும்.

குளியுங்கள். அம்மை என்று நினைத்து வாரக்கணக்கில் குளிக்காமல் வேப்பிலையில் படுத்துக்கிடந்து சீழ் பிடித்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தலையில் காய்ந்த பொருக்குக்கு அடியில் புழு வைத்துக்கூட வந்திருக்கிறார்கள். புண் மேல் ஒட்டும் பிளாஸ்டர் போடாதீர்கள், எடுக்கும்போது நல்ல தோலும் சேர்ந்து வரும். படுக்கையில் வாழையிலையை விரியுங்கள். கிண்டல் இல்லை, எங்கள் வார்டிலும் அதுதான் படுக்கை. வழுவழுப்பு, குளிர்ச்சி, புண்ணில் ஒட்டாது, காசும் அதிகமில்லை. நடுத்தண்டைச் சீவிவிட்டு, நன்றாகக் கழுவித் துடைத்துப் போடுங்கள், தினமும் மாற்றுங்கள்.

அப்புறம் இந்தப் பத்தியம்! முட்டை கூடாது, மீன் கூடாது, கத்தரிக்காய் கூடாது, பருப்பு கூடாது. யார் சொன்னது? புண் வழியாகப் புரதம் வடிந்துகொண்டிருக்கும்போது இரண்டு வேளை வெறும் ரசஞ்சோறு போட்டால் தோல் எதை வைத்து வளரும்? அந்த அம்மாவுக்கு ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் ரொம்பக் குறைவு, 2.1 தான் இருந்தது, காலெல்லாம் வீக்கம். முட்டை கொடுங்கள். வாயில் புண் இருந்தால் காரமும் முறுக்கும் வேண்டாம், ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், தயிர்சாதம், மசித்த பருப்பு, குழையவிட்ட மீன். பல்லை மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், வலிக்கிறது என்று விட்டால் ஈறு இன்னும் கெடும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. பிறப்புறுப்பிலும் இந்தப் புண் வரும். சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறீர்கள், சிறுநீர் கழிக்கவே பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறீர்கள். அதற்கும் இதுதான் காரணம், அதற்கும் இதே மருந்துதான். ஒரு வார்த்தை சொல்லுங்கள் போதும்.

அந்த அம்மா இன்று காலை எழுந்து உட்கார்ந்தார். புதுக் கொப்புளம் இரண்டு நாளாக இல்லை. இலை மேல் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டே கேட்டார், "டாக்டரம்மா, இந்த மாத்திரை எத்தன நாளைக்கி?" பக்கத்தில் மருமகன் நின்றிருந்தார். போனைச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லிவிட்டு, அவரிடம்தான் சீட்டைக் கொடுத்தேன். தேதி போட்டு, எந்த வாரம் எத்தனை மாத்திரை என்று கட்டம் கட்டமாக எழுதிய சீட்டு. அடுத்த ஆறு வாரத்துக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன், மீதியை நேரில் வந்துதான் வாங்க வேண்டும்.

உங்களில் யாராவது மாத்திரையைப் பாதியில் விட்டிருந்தால், பரவாயில்லை, இந்த வாரமே வாருங்கள். வரும்போது காலி அட்டைகள், பொடி, எண்ணெய், பெயர் இல்லாத கவர், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வாருங்கள். திட்ட மாட்டேன். சரி, கொஞ்சம் திட்டுவேன்.