தேனீ சினை ஊசி போடுவதில்லை

மாடித்தோட்ட நிகழ்ச்சி ஒன்றில் போன வாரம் மறுபடியும் கேட்டேன்: "தேனீக்கள் பூக்களுக்குக் கருவூட்டல் செய்கின்றன." எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கருவூட்டல் என்றால் நம் ஊரில் மாட்டுக்குப் போடும் சினை ஊசி. தேனீ அதையா செய்கிறது?

தேனீ பார்ப்பது சுமைகூலி வேலை. ஒரு பூவின் மகரந்தப்பையில் இருந்து உடம்பில் ஒட்டிய தூளை இன்னொரு பூவின் சூலகமுடியில், அதாவது பெண் உறுப்பின் நுனியில், உதிர்த்துவிட்டுப் போகிறது. கூலி, தேன். அத்தோடு மகரந்தச் சேர்க்கை முடிந்தது. கருவுறுதல் அப்புறம்தான்: தூள் முளைத்து, குழாய் விட்டு, சூலகத் தண்டுக்குள் இறங்கி, பின்னால் விதையாகப் போகிற சூலை எட்ட வேண்டும். மக்காச்சோளத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு நாள். சில ஓக் மரங்களில் ஒரு வருடத்துக்கும் மேல். தூள் விழுந்தும் கரு உண்டாகாமல் போவதுண்டு. சில செடிகளின் சூலகம் தன் தூளையே ஏற்காது. பரங்கியில் பூ மலரும் முன்பே பெண் பூவின் அடியில் பிஞ்சு தெரியும். தூள் வந்து சேராவிட்டால் வெம்பி உதிரும். இரண்டு நிலைக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, பிஞ்சு ஏன் கொட்டியது என்று கேட்பவருக்கு எதைச் சொல்வது?

மகரந்தம் வடசொல். அங்கே பூந்தேனைக் குறித்தது, இங்கே தூளுக்கும் ஆகிவந்தது. pollen என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு நுண்ணிய மாவு என்று பொருள். இந்தத் தூளுக்கு நம்மிடம் தாது என்ற சொல் இருக்கிறது. அகநானூற்றின் 4-ஆம் பாட்டில், தாதுண்ணும் வண்டுகள் கலையக் கூடாது என்று தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகிறான் தலைவன். வெறும் தாது என்றால் இன்று இரும்புத் தாதுதான் நினைவுக்கு வரும், அதனால் பூந்தாது. பூந்தாதுச் சேர்க்கை என்பது என் விருப்பம். பாடப்புத்தகத்து மகரந்தச் சேர்க்கை என்றாலும் சரி, சண்டையில்லை. அது பொருளைக் கெடுக்கவில்லை. கருவூட்டல் கெடுக்கிறது.

இதிலேயே இன்னொரு கூத்து, தூளைச் சுமக்கும் உயிர்களுக்கு வைத்த "மகரந்தச் சேர்க்கையாளர்கள்" என்ற பெயர். மொழிபெயர்ப்பாளர்களுக்கு எதைக் கண்டாலும் 'ஆளர்' ஒட்டியாக வேண்டும். இலவம் பூவுக்கு ராத்திரியில் வந்து போகிற வௌவாலை வௌவால் என்றே எழுதினால் ஆகாதா?