முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நஷ்டஈடு போய்விடுமா?

பவர் பிரஸ்ஸில் விரல் போனவருக்குத் தையல் பிரிப்பதற்குள் கட்டிலுக்கு ஒரு முத்திரைத்தாள் வந்துவிடும். "மருத்துவச் செலவை நிர்வாகமே ஏற்றது. மேற்கொண்டு ரூ.50,000 ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று டைப் அடித்திருக்கும். "போடுப்பா, ஓனர் நல்ல மனுஷன், திரும்ப வேலைக்கு எடுத்துக்குவார்" என்பார் கூட வந்த சூப்பர்வைசர். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவரும் போட்டுக்கொடுப்பார். ஆறு மாதம் கழித்து, வேலையும் இல்லை, பணமும் கரைந்தது என்ற நிலையில்தான் "இனிமே கேக்க முடியாதாண்ணே?" என்று யாரிடமாவது வந்து நிற்பார்.

கேட்கலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டால் அதை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம். பதியாமல் விட்ட முதலாளி முழுத் தொகையையும் கட்ட வேண்டியவர் ஆகிறார். அதுமட்டுமில்லை, இழப்பீடு என்று ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல், ஆணையர் அனுமதிக்காமல், கழித்துக்கொள்ளவும் முடியாது. அந்த ஐம்பதாயிரத்தில் இருபத்தைந்தாயிரம்தான் கணக்கில் வரும். ஆஸ்பத்திரி பில் கட்டியது இழப்பீட்டில் சேரவே சேராது. சிகிச்சைக்கு ஆகும் உண்மையான செலவு, முதலாளி தனியாக ஏற்க வேண்டிய பொறுப்பு.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. கணக்குப் போடும் அடிப்படை மாறவில்லை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற, திரும்புகிற வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், பணி விபத்துதான் என்பது இப்போது எழுத்திலேயே வந்திருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டை. அதில் இ.எஸ்.ஐ.க்கு, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு, என்று 0.75 சதவீதம் பிடித்திருந்தால் உங்கள் வழி வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் வருவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பணி விபத்துக்குக் கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஊனம் நிரந்தரமானால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனதோ அந்த அளவுக்கு ஆயுள் முழுக்க மாதாந்தரத் தொகை. இந்தப் பாதையில் போகிறவர் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது.

இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு மொத்தத் தொகை. முப்பது வயதுக்காரர், மாதம் ரூ.18,000 வாங்குகிறவர், கட்டைவிரலை முழுதாக இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2020 ஜனவரி முதல் கணக்கில் எடுக்கும் சம்பள வரம்பு ரூ.15,000. அதில் 60 சதவீதம், அதாவது ரூ.9,000. சட்டம் முப்பது வயதுக்கு வைத்திருக்கும் பெருக்கெண் 207.98, பெருக்கினால் ரூ.18,71,820. கட்டைவிரல் இழப்புக்குச் சட்ட அட்டவணை சொல்வது 30 சதவீதம். ஆக, ரூ.5,61,546. முத்திரைத்தாளில் இருந்த ஐம்பதாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் இந்தத் தொகையைக் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி ஏறும். சரியான காரணமின்றி இழுத்தடித்தால், தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம்.

அட்டவணை முடிவான வார்த்தை அல்ல. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சர் வழக்கில், அட்டவணைச் சதவீதத்தைத் தாண்டி, தச்சு வேலையே இனி செய்ய முடியாது என்பதால் அது முழு ஊனம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1970களிலேயே சொல்லிவிட்டது. எந்த உறுப்பு போனது என்பதோடு, அந்த உறுப்பை வைத்து என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் மனுவில் விரிவாக எழுதுங்கள்.

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் ஒரே காகிதத்தில்தான். ஆஸ்பத்திரியில் முதன்முதலாகப் போடும் விபத்துப் பதிவேடு, வார்டில் எல்லோரும் சொல்கிற ஏ.ஆர். காப்பி. எங்கே, எப்படி அடிபட்டது என்று டூட்டி டாக்டர் கேட்டு அதில் ஒரு வரி எழுதுவார். அந்த நேரத்தில் கூட நிற்கும் கம்பெனி ஆள் முந்திக்கொண்டு "வீட்ல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு சார்" என்று சொல்லிவிட்டால், இரண்டு வருடம் கழித்து அந்த வரிதான் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருக்கும். வலியிலும், நினைவு இருக்கிறவர், "கம்பெனியில், பிரஸ் மெஷினில்" என்று தன் வாயால் சொல்லிவிட வேண்டும். மயக்கத்தில் இருந்தால் வீட்டார் சொல்லட்டும். சம்பளத்துக்கு ஆதாரம் இல்லையே என்பவர்கள் ஜிபே வரவு, கூலி நோட்டுப் பக்கம், வருகைப் பதிவை எடுத்த போட்டோ, எதையும் தூக்கி எறிய வேண்டாம்.

"உன் கவனக்குறைவுக்கு நாங்க என்ன பண்றது" என்பது எல்லா ஓனரும் சொல்வது. கவனக்குறைவு இந்தச் சட்டத்தில் விலக்கே அல்ல. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, மெஷினின் பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியது, இவைதான் விலக்கு. உயிரே போனாலோ முழு ஊனமானாலோ இவையும் செல்லாது. வேகம் வேண்டும் என்று ஓனருக்குத் தெரிந்தே தடுப்பைக் கழற்றி வைத்து ஓட்டும் பட்டறைகள் ஏராளம். அதை வேலையாள் தலையில் கட்ட முடியாது.

தமிழ்நாட்டில் இழப்பீட்டு ஆணையராக இந்த மனுக்களை விசாரிப்பது தொழிலாளர் துறையின் இணை ஆணையர், துணை ஆணையர் நிலை அதிகாரிகள். கெடு இரண்டு ஆண்டுகள்; தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிப்பார்கள். மேஸ்திரி மூலம் போனவர், மேஸ்திரி ஓடிவிட்டாலும், வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளி மீதே மனுப் போடலாம். பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் விழுந்த திருவண்ணாமலைக்காரர் அங்கே அலையத் தேவையில்லை, சொந்த ஊருக்குரிய அலுவலகத்திலேயே தாக்கல் செய்யலாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

இறப்பு என்றால் மேலே சொன்ன 60 சதவீதத்துக்குப் பதில் 50 சதவீதம். அதே முப்பது வயதுக்காரருக்கு ரூ.15,59,850. இந்தப் பணத்தை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் யார் யாருக்கு எவ்வளவு என்று அவர் பிரித்துக் கொடுப்பார். மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு முன்பணம் தரலாம், அது கழியும். மற்றபடி துக்க வீட்டில் ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு நேரில் கொடுத்த பணம் இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது.