மாத்திரை வாங்கும் தேதியோடு இன்னொரு தேதி

"எனக்கு ஏற்கெனவே பாசிட்டிவ்தானே மேடம், இதென்ன புதுசா இன்னொரு பாசிட்டிவ்?" ஹெச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள், கருப்பை வாய்ப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கும்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாளில் இருப்பது ஹெச்.பி.வி. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது ஹெச்.ஐ.வி. நடுவில் ஓர் எழுத்துதான் வேறு. கேட்பவருக்கு விளக்கிவிடலாம். கேட்கத் தயங்கி, தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுகிறவர்தான் கவலை தருகிறார்.

இரண்டும் வேறு வேறு வைரஸ்கள். ஹெச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தி தரும் அணுக்களைத் தாக்குகிறது. ஹெச்.பி.வி. தோலிலும் உள்சவ்விலும் ஒட்டிக்கொள்கிறது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. புற்றுநோயாக மாறக்கூடியவை சிலவே, அவற்றில் 16, 18 என்ற இரண்டும்தான் பெரும் பங்குக்குக் காரணம். 2008ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பாதி, ஹெச்.பி.வி.க்கும் கருப்பை வாய்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹாசனுக்குப் போனது. மீதிப் பாதி ஹெச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்த பாரே-சினூசிக்கும் மொன்தாஞேவுக்கும் போனது. நோபல் குழு ஒரே பரிசில் சேர்த்துவைத்த இரண்டையும் நம் மருத்துவமனைகள் இன்னும் தனித்தனிக் கட்டடத்தில், தனித்தனி ஓ.பி. சீட்டில்தான் பார்க்கின்றன.

உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானவர்களுக்கு ஹெச்.பி.வி. எப்போதாவது ஒருமுறை வந்து போகும். எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தால் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதைத் துரத்திவிடும். ஹெச்.ஐ.வி. உள்ள உடலில் அது எளிதில் போவதில்லை. தங்கிவிட்ட வைரஸ் கருப்பை வாயின் செல்களை மெல்ல மாற்றுகிறது. மற்ற பெண்களுக்கு இந்த மாற்றம் புற்றாக முற்ற 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்புச் சக்தி குறைந்து, சிகிச்சையும் இல்லாதவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும். ஹெச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சென்னையில் இதற்கு இன்னொரு கோணம் இருக்கிறது. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது இங்கேதான், 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில். ஹெச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) 2004 ஏப்ரலில் நாட்டில் எட்டு மையங்களில் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் அதில் ஒன்று. எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கையான சிடி4 200க்குக் கீழே இறங்கிய பிறகே பெரும்பாலும் மருந்து தொடங்கிய காலம் அது. கண்டறிந்த உடனே மருந்து என்ற முறை 2017இல்தான் வந்தது. ஆகவே அன்று முப்பது வயதில் சேர்ந்த பெண், எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருந்த சில ஆண்டுகளைக் கடந்து வந்தவர். அந்த ஆண்டுகளில் தங்கிய ஹெச்.பி.வி.க்கு வேலை செய்ய நிறைய அவகாசம் கிடைத்திருக்கிறது. இன்று அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ரத்தத்தில் வைரஸின் அளவு (வைரல் லோடு) கண்டறிய முடியாத அளவில், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. "மாத்திரை ஒருநாள்கூடத் தவறியதில்லை, எனக்கு எதுக்கு அந்த டெஸ்ட்?" என்று அவர் கேட்பதில் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். கூட்டு மருந்து இந்த ஆபத்தைக் குறைக்கிறது, நீக்குவதில்லை. அன்று மிகக் கீழே போன சிடி4 எண்ணை இன்றைய நல்ல எண் அழித்துவிடாது.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாட்டின் சராசரி 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்பதால் இதையே பெருமையாகச் சொல்கிறோம்!

எப்போது தொடங்குவது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை

குழப்பம் தொடங்குவது இங்கே. அரசின் பொதுத் திட்டத்தில் பரிசோதனை 30 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குத் தனிக் கணக்கு சொல்கிறது. 25 வயதில் தொடங்க வேண்டும். ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை என்றால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் வி.ஐ.ஏ. முறையோ செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை. ஐம்பதுக்குப் பிறகு, உரிய இடைவெளியில் தொடர்ந்து இரண்டு முடிவுகள் நெகட்டிவ் என்றால் நிறுத்தலாம். ஒருமுறைகூடச் செய்யாதவர் ஐம்பதைத் தாண்டியிருந்தாலும் செய்துகொள்ள வேண்டும்.

வேறொரு மருத்துவமனையின் முகாமில், ஹெச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லாமல் பரிசோதனை செய்துகொள்ளும் பெண்கள் நிறைய. ஏன் சொல்வதில்லை என்று கேட்கவே தேவையில்லை. ஆனால் அதன் விளைவு, "நார்மல்மா, அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க" என்ற பதில். சொன்ன மருத்துவர் மேல் தவறில்லை, அவர் பார்த்தது வேறு கணக்கு. எங்கே செய்துகொண்டாலும் முடிவைக் கொண்டுவந்து ஏ.ஆர்.டி. மையத்தில் காட்டி, அடுத்த தேதியை அங்கே எழுதிக்கொள்வது நல்லது. மாத்திரைக்கு எப்படியும் வருகிற இடம் அதுதான்.

வருவதற்கு முன்: மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்து வரவும். முந்தைய இரண்டு நாள் உடலுறவு, உறுப்புக்குள் வைக்கும் மாத்திரை, உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுதல் மூன்றும் வேண்டாம். பிரசவமாகியிருந்தால் ஆறு வாரம் போகட்டும். சாப்பிட்டுவிட்டே வரலாம், வெறும் வயிறு தேவையில்லை. அரசு மருத்துவமனை ஓ.பி. காலையோடு முடிந்துவிடும். வீட்டு வேலைக்கும் கம்பெனிக்கும் போகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். மாத்திரை நாளிலேயே பரிசோதனையையும் முடித்துத் தரும்படி மையத்தில் கேட்டுப் பாருங்கள். மையம் நடத்துகிறவர்களும் இதை ஏற்பாடு செய்ய வேண்டும். "எழும்பூர் ஆஸ்பத்திரி போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. அந்தச் சீட்டோடு போகாமல் வீடு திரும்பியவர்களை யாரும் எண்ணுவதில்லை.

மூன்று முறைகள், அவை தவறும் இடங்கள்

வி.ஐ.ஏ. செலவு குறைந்தது, முடிவு அங்கேயே தெரியும். கருப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு முழு நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். மாறிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். சமையலறை வினிகரின் காட்டம்தான் இதிலும், லேசாக எரியும், அவ்வளவே. இது தவறுவது சின்னச் சின்ன அலட்சியத்தில். 5 மி.லி. அடர் அமிலத்தோடு 95 மி.லி. வாலை வடிநீர் சேர்த்து அன்றன்றைக்குக் கலக்க வேண்டியதை, போன வாரப் புட்டியிலிருந்து எடுப்பார்கள். காட்டம் போன கரைசலில் திட்டு தெரியாது. நீர் கலக்க மறந்தாலோ சவ்வு வெந்துவிடும். வரிசை நீளமாக இருக்கும் நாளில் ஒரு நிமிடம் இருபது நொடியாகச் சுருங்கும். விளக்கு மங்கலாக இருக்கும். இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாத ஒன்று வயது. மாதவிலக்கு நின்ற பிறகு, பார்க்க வேண்டிய பகுதியே கருப்பை வாயின் உள்ளே ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தை 'நார்மல்' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ஐம்பது தாண்டியவர்களுக்கு வி.ஐ.ஏ.வை மட்டும் நம்ப வேண்டாம்.

பாப் ஸ்மியரில் செல்களைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். 'இன்ஃபிளமேட்டரி' என்று ரிப்போர்ட் வந்தால் பதற வேண்டாம், அது புற்று இல்லை. வெள்ளைப்படுதலுக்குக் காரணமான தொற்று இருக்கும். அதற்குச் சிகிச்சை எடுத்துவிட்டு, மருத்துவர் சொன்னால் மீண்டும் ஒருமுறை எடுக்கலாம். 'அன்சாட்டிஸ்ஃபாக்டரி' என்றால் மாதிரி போதவில்லை, பார்க்க முடியவில்லை என்று பொருள். அதை 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டு கோப்பில் வைத்துவிடுகிறார்கள். அது நடக்காத பரிசோதனை.

மூன்றிலும் நாங்கள் முதல் இடம் தருவது ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனைக்கு. மாதிரியை அந்தப் பெண்ணே எடுத்துத் தரலாம் என்பது இதில் பெரிய வசதி. கையைக் கழுவி, காலை அகட்டி நின்றோ குந்தியோ, மெல்லிய பிரஷ்ஷை உறுப்புக்குள் ஒரு விரல் நீளம், தடை தட்டும்வரை செலுத்தி, கிட்டில் சொன்ன எண்ணிக்கைக்குச் சுழற்றி எடுத்து, முனையைக் கைபடாமல் குழாயில் போட்டு மூட வேண்டும். படுக்கையில் காலைத் தூக்கிப் படுக்கும் கூச்சம் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: ஏற்கெனவே ரத்தப்போக்கோ துர்நாற்றமான வெள்ளைப்படுதலோ உள்ளவருக்கு இது போதாது. உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் ஸ்கிரீனிங் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே மகளிர் நோய் மருத்துவரிடம் போக வேண்டும்.

பாசிட்டிவ் வந்தால்

ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களில் இந்த முடிவு பாசிட்டிவாக வருபவர்கள் அதிகம். எல்லாருக்கும் உடனே சிகிச்சை என்றால் தேவையில்லாதவர்களும் அதில் சிக்குவார்கள். அதனால் இவர்களுக்கு இரண்டாவது சல்லடை ஒன்று வேண்டும்: வி.ஐ.ஏ., பாப் ஸ்மியர், கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி, அல்லது வைரஸ் 16, 18 வகையா என்ற பரிசோதனை. இரண்டாவதில் ஒன்றும் இல்லையென்றால் 12 மாதத்தில் திரும்ப ஹெச்.பி.வி. பரிசோதனை.

மாற்றம் தெரிந்தால், அது முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, உள்ளே ஏறாமல், புற்று என்ற சந்தேகமும் இல்லாமல் இருந்தால், தெர்மல் அப்லேஷன் போதும். 100 டிகிரிக்குச் சூடாக்கிய முனையைக் கருப்பை வாயில் 20 முதல் 30 நொடி வைத்து எடுப்பது. மயக்க மருந்து தேவையில்லை. மாதவிலக்கு வலிபோல் இழுக்கும். திட்டு உள்ளே போயிருந்தால் லீப் என்ற மின்கம்பி வளைய முறையில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள்.

இந்த இடத்தில் வருகிற வேண்டுகோள், "கர்ப்பப்பையையே எடுத்துடுங்க மேடம், தொல்லை விட்டுச்சு." புற்று இல்லை என்று உறுதியாகும் முன் சாதாரணமாகக் கருப்பையை எடுப்பது ஆபத்து. உள்ளே புற்று இருந்து, அது தெரியாமல் எடுத்துவிட்டால், பிறகு செய்ய வேண்டிய முறையான சிகிச்சை சிக்கலாகிவிடும். செல் மாற்றத்துக்காகக் கருப்பை எடுக்கப்பட்டவருக்கும் யோனியின் மேல்முனையில் பரிசோதனை தொடரும்.

அப்லேஷனுக்குப் பின் சில வாரம் தண்ணீராக வடியும், அது எதிர்பார்ப்பதே. காய்ச்சல், கெட்ட நாற்றம், கட்டிக்கட்டியாக ரத்தம் என்றால் உடனே வர வேண்டும். நான்கு வாரம் உறவு வேண்டாம். புண் ஆறும்வரை அந்த இடத்தில் ஹெச்.ஐ.வி. வெளிப்படுவது கூடலாம், கணவருக்கும் அது ஆபத்து. "வீட்ல ஒத்துக்க மாட்டார்" என்பவரைத் திட்டி அனுப்பாமல் ஆணுறையைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். பிறகு 12 மாதத்தில் ஒரு பரிசோதனை, அது நெகட்டிவ் என்றால் அடுத்த 12 மாதத்தில் இன்னொன்று, அதுவும் நெகட்டிவ் என்ற பிறகே பழைய இடைவெளி. ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாற்றம் திரும்ப வருவது அதிகம் என்பதால் இந்த இரண்டு தேதிகளையும் விடக் கூடாது. நடைமுறையில் விட்டுப்போவதும் இவைதான்.

உறுப்பை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலம் வைக்கக் கடைசி ஆளாக உட்காரவைப்பது, கையுறை இரண்டு போடுவது, அட்டையில் சிவப்பு மையில் எழுதுவது, இவற்றுக்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. எல்லாருக்கும் பயன்படுத்திய கருவி ஒரே மாதிரிதான் கழுவி ஆட்டோகிளேவில் கிருமி நீக்கப்பட வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள ஹெச்.ஐ.வி. சட்டம் மருத்துவமனையில் பாகுபாடு காட்டுவதையும், சம்மதமில்லாமல் நிலையை வெளியே சொல்வதையும் தடைசெய்கிறது. எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

தடுப்பூசி பற்றிச் சுருக்கமாக. 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போடுவதே அதிகப் பலன். பிள்ளைக்கே ஹெச்.ஐ.வி. இருந்தால் ஒரு டோஸ் போதாது. குறைந்தது இரண்டு, முடிந்தால் ஆறு மாதத்துக்குள் மூன்று. சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 16, 18 உட்பட நான்கு வகைகளுக்கு எதிரானது. பெரியவர்கள் போட்டுக்கொண்டாலும் ஏற்கெனவே தங்கிய வைரஸை அது வெளியேற்றாது, பரிசோதனையும் நிற்காது. ஆணுறை ஹெச்.பி.வி.யை ஓரளவுக்கே தடுக்கும், தோல் படும் இடமெல்லாம் அது மூடுவதில்லையே.

மாத்திரை விஷயத்தில் இரண்டு. ரத்தப்போக்கால் சோகை பிடித்து இரும்புச் சத்து மாத்திரை தந்தால், டோலுடெக்ராவிர் உள்ள ஏ.ஆர்.டி. மாத்திரையோடு வெறும் வயிற்றில் சேர்த்துப் போட வேண்டாம், மருந்து உடலில் சரியாகச் சேராது. இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் ஏ.ஆர்.டி. மாத்திரை இரும்புக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ. புற்று என்று உறுதியாகிக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற புற்று மருந்து தரும் நிலை வந்தால், அதுவும் ஏ.ஆர்.டி. மருந்தான டெனோஃபோவிரும் இரண்டுமே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கப் போகும் முதல் நாளே ஏ.ஆர்.டி. புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய், சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே மருந்து முடிவாக வேண்டும். கேன்சர் வைத்தியம் முடியும்வரை ஏ.ஆர்.டி.யை நிறுத்திவைக்கலாம் என்று யாராவது சொன்னால், ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.