கடலடிக் கேபிள் அந்தமானுக்கு வந்துவிட்டது: உங்கள் வீட்டுக்கு இணைப்பு வருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் இழுக்கப்பட்ட ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இதற்குச் செலவான 1,224 கோடி ரூபாயை, இன்று டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியிருக்கும் அன்றைய பொதுச்சேவைக் கடமை நிதி என்ற அரசு நிதி கொடுத்தது. வேலையைச் செய்தது பிஎஸ்என்எல். அதுவரை செயற்கைக்கோள் வழியே வந்துகொண்டிருந்த மெலிந்த இணைப்பைத் தீவு முழுவதும் பங்கிட்டுக்கொண்டிருந்தது. பின்னணி இவ்வளவு போதும். தீவுகளில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் அண்மையில் வேலைக்காகப் போனவர்களும் கேட்பது ஒரே கேள்வி: "கேபிள் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் எங்கள் வீட்டுக்கு ஏன் இணைப்பு வரவில்லை?"

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை நீக்கிவிட வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் மக்களிடம் பணம் பறிக்கப்படுகிறது. கடலடிக் கேபிள் திட்டத்தில் பயனாளி என்று எந்தக் குடும்பமும் இல்லை. அதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது, பெயர்ப் பட்டியல் கிடையாது, வீட்டுக்கு இலவச இணைப்போ மானியமோ கிடையாது. அரசின் பணம் கடலடியில் கேபிள் போடுவதற்குச் செலவானது. கரையிலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரை வர வேண்டிய ஃபைபர், கட்டணம் செலுத்தி வாங்கும் சாதாரண இணைப்பு. ஆகவே "கேபிள் திட்டத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கிறேன், 500 ரூபாய் கொடுங்கள்" என்று யாராவது வந்தால், அவர் எந்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, உங்கள் தீவில் கேபிள் கரையேறுகிறதா என்பது. கேபிள் கரையேறும் இடங்கள் எட்டுதான்: போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்), ஹேவ்லாக் என்று நாம் அழைக்கும் சுவராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே நொடிக்கு 400 கிகாபிட் திறனும், அங்கிருந்து மற்ற தீவுகளுக்கு 200 கிகாபிட் திறனும் அறிவிக்கப்பட்டன. இந்த எண்களைக் காட்டித்தான் கூட்டங்களில் பேசுகிறார்கள். ஆனால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவு அந்த எட்டில் இல்லை. நீல் என்ற ஷஹீத் தீவும் இல்லை, தெரசாவும் இல்லை. டிக்லிபூர், மாயாபந்தர் போன்ற ஊர்களில் கேபிள் கரையேறவில்லை. அங்கே வேறு வழிகளில்தான் இணைப்பு நீள வேண்டும். எனவே "அந்தமானுக்குக் கேபிள் வந்துவிட்டது" என்ற செய்தியை நம்பி முன்பணம் கட்டாமல், உங்கள் ஊரின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கு எந்த வழியாக இணைப்பு வருகிறது என்று முதலில் கேளுங்கள். ஃபைபரா, மைக்ரோவேவ் கோபுரமா, இன்னும் செயற்கைக்கோளா என்பதற்கு அலுவலர் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அதைச் சொல்லத் தயங்கினால், விளம்பரத்தில் உள்ள வேகம் உங்களுக்குக் கிடைக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, அலைக்கழிப்பு தொடங்கும் இடத்துக்கு வருவோம். இணைப்பு கேட்டுப் போகும் பெரும்பாலானோருக்குக் கிடைக்கும் பதில் "ஃபீசிபிலிட்டி இல்லை" என்பது. அதாவது உங்கள் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கத் தொழில்நுட்ப வசதி இல்லையாம். இந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன: உங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவே இல்லை; வந்திருக்கிறது, ஆனால் அருகிலுள்ள பெட்டியில் காலி போர்ட் (இணைப்பைச் செருகும் இடம்) இல்லை; போர்ட் இருக்கிறது, ஆனால் வீடு வரை இழுக்கக் கம்பமோ கம்பியோ இல்லை; எல்லாம் இருக்கிறது, வந்து பார்க்க ஆள்தான் இல்லை. முதல் நிலைமையில் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மற்ற மூன்றும் கேட்டால் நகரக்கூடியவை. எந்த நிலைமை என்று சொல்லாமல் திருப்பி அனுப்புவது அலுவலகத்துக்கு வசதி, விண்ணப்பதாரருக்குத்தான் இழப்பு.

படிவம் நிரப்பித் தரும் கடை நடத்தும் ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். அவர் ஏழு மாதங்களில் ஒன்பது முறை அலுவலகம் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் வாய்மொழியாக ஒரே பதில். அவருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவே இல்லை என்பது ஒன்பதாவது முறைதான் தெரிந்தது. அதற்குள் அவர் கடைக்கு வந்துகொண்டிருந்த மாணவர்கள் விண்ணப்பக் கடைசி நாளன்று படகு ஏறி வேறு ஊருக்குப் போய்ப் படிவம் அனுப்பிவிட்டு வந்தார்கள். அவர் செய்த பிழை ஒன்றுதான்: வாய்மொழியாகக் கேட்டார், வாய்மொழியாகவே பதில் வாங்கினார்.

ஆகவே நேரில் கேட்டாலும் இணையவழிப் பதிவையும் செய்துவிடுங்கள். பதிவு எண் கிடைக்கும் வரை நீங்கள் கேட்டதாகவே கணக்கில்லை. "இல்லை" என்றால் காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், பிஎஸ்என்எல் அரசு நிறுவனம் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மனுவில் "ஏன் இணைப்புத் தரவில்லை" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "கருத்துக் கூற இயலாது" என்று ஒரு வரி வந்து முடிந்துவிடும். உங்கள் பதிவு எந்தத் தேதியில் ஏறியது, உங்கள் பகுதிக்கான கருவியில் மொத்தம் எத்தனை போர்ட்கள் உள்ளன, அவற்றில் எத்தனை காலி, உங்களுக்குப் பின்னால் பதிவு செய்த எத்தனை பேருக்கு இணைப்புக் கொடுக்கப்பட்டது என்று ஆவணத்தில் இருக்கும் செய்தியைக் கேளுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். அதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் வந்தவுடன் பல கோப்புகள் தாமாக நகர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். ஆதாரில் போர்ட் பிளேர் என்றும் படிவத்தில் புதிய பெயரும் இருப்பதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால், சான்றில் உள்ள பழைய பெயரையே படிவத்திலும் எழுதிக் கொடுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் அவர்களுக்குத் தேவை. ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருக்கும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், உள்ளூர் முகவரிக்கு எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு போவது ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும். தீவில் நெடுங்காலம் வாழ்பவர்களுக்குத் தரப்படும் தீவுவாசி அட்டை இல்லாததால் தர முடியாது என்று யாராவது சொன்னால், அந்த விதியின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீடு வரை ஃபைபர் இழுக்கும் வேலையைப் பல இடங்களில் நிறுவனம் நேரடியாகச் செய்வதில்லை; பார்ட்னர் எனப்படும் உள்ளூர் ஒப்பந்தக்காரர் செய்கிறார். இங்கேதான் ரசீது இல்லாத பணம் கைமாறுகிறது. மோடம் பெட்டி உங்களுக்கு விற்கப்படுகிறதா, வாடகைக்குத் தரப்படுகிறதா, அதற்குக் கட்டும் தொகை திரும்பி வருமா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுத் தருவது ரசீது ஆகாது. நிறுவனத்தின் பெயரும் உங்கள் பதிவு எண்ணும் அதில் இருக்க வேண்டும். திட்ட அட்டையில் வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் "வரை" என்ற சொல்லையும், குறிப்பிட்ட அளவு டேட்டாவைத் தாண்டியபின் வேகம் எவ்வளவு குறையும் என்ற வரியையும் பணம் கட்டும் முன் படியுங்கள். 2023 ஜனவரி முதல், நொடிக்கு 2 மெகாபிட்டுக்குக் குறைந்த பதிவிறக்க வேகத்தைப் பிராட்பேண்ட் என்று அழைக்க முடியாது. சண்டை போட வேண்டிய நிலை வந்தால் இந்த எண் உதவும்.

இணைப்பு வந்தபின் வரும் தொல்லை வேறு. எந்தப் பழுதுக்கும் "கடலுக்கு அடியில் கேபிள் அறுந்துவிட்டது, கப்பல் வந்து சரிசெய்ய வேண்டும்" என்று சொல்லிவிடுவது எளிதாகிவிட்டது. கடலில் அறுந்தால் சரிசெய்ய நாளாகும் என்பது உண்மைதான். ஆனால் சாலை வேலைக்குத் தோண்டும்போது அறுபடும் உள்ளூர் ஃபைபருக்கும் கடலுக்கும் தொடர்பில்லை. இதை வீட்டிலிருந்தே ஓரளவு சோதிக்கலாம். மோடம் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால், உங்கள் வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையிலேயே ஒளி வரவில்லை என்று பொருள். அது உள்ளூர்ப் பழுது, கடல் அதற்குக் காரணம் இல்லை. பிஓஎன் என்ற விளக்கு பச்சையாக நிலைத்து நின்றும் இணையம் வரவில்லை என்றால், கட்டணம் பாக்கியா என்று பார்த்துவிட்டு, எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் உள்ள பழுது என்று எடுத்துக்கொள்ளலாம். அதே தீவில் அதே நிறுவனத்தின் கைபேசி இணையம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், கடலைக் குறை சொல்வதில் பெரும்பாலும் பொருளில்லை. விளக்குகளைப் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள்.

புகாரை லைன்மேனின் கைபேசிக்குச் சொல்வதோடு நிறுத்திவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரிடம் சொன்னது பதிவாவதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் வகுத்த விதிகளின்படி, புகார் மையத்தில் செய்யும் ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் எனப்படும் பதிவு எண் தர வேண்டும். பழுது உரிய காலத்துக்குள் நீங்காவிட்டாலோ, நீங்காமலேயே "சரிசெய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தாலோ, 30 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டாக்கெட் எண் இல்லாதவருக்கு இந்தக் கதவு திறக்காது. பழுது நீண்ட நாள் நீடித்தால் அந்த நாட்களுக்கு மாதக் கட்டணத்தில் தள்ளுபடி கேட்கவும் உரிமை உண்டு. அதற்கும் அந்த எண்ணில் பதிவான தேதிதான் சான்று, கேட்காமல் அது பில்லில் தானாகக் கழியும் என்று காத்திருக்க வேண்டாம்.

பலர் நேராக டிராய்க்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. அந்தக் காத்திருப்பில் மேல்முறையீட்டுக்கான 30 நாட்கள் கரைந்துவிடுகின்றன. மேல்முறையீட்டிலும் நீதி கிடைக்காவிட்டால், மத்திய அரசின் சிபிகிராம்ஸ் குறைதீர்ப்புத் தளத்தில் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் பதிவு செய்யலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைபேசி நிறுவனங்கள் மீது அங்கே வழக்குப் போட முடியாது என்று பல காலம் சொல்லி வந்தார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. நீங்கள் வசிக்கும் இடத்துக்கான மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விஷயத்துக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும்.

தீவை விட்டு மாற்றலாகிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மோடத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிடாதீர்கள். இணைப்பைத் துண்டிக்கக் கோரும் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்குங்கள். பெட்டி வாடகைக்கானது என்றால் திருப்பிக் கொடுத்ததற்குத் தனி ரசீது வாங்குங்கள். வைப்புத்தொகை எந்த வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். சென்னைக்கு வந்தபின் தொலைபேசியில் இதைச் செய்ய முயன்றவர்களுக்கு மாதா மாதம் பில் வந்துகொண்டிருந்ததே தவிர, வைப்புத்தொகை வரவில்லை.