சாவியை அணைத்துவிட்டு இறங்குங்கள்

போன வாரம் மாவுக்கட்டைப் பிரித்த கையோடு ஒரு பெரியவர் வந்தார். வலது மணிக்கட்டு. ஆறு வாரம் கட்டுக்குள் இருந்ததில் தோல் உலர்ந்து செதில் செதிலாக உரிகிறது. விரல்கள் வீங்கியிருக்கின்றன; கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை. மேசைமேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதில் கையை மெதுவாக வைத்தபடி சொன்னார்: "நான் நடக்கவே இல்லைங்க டாக்டர். வண்டியிலதான் உட்கார்ந்திருந்தேன். எப்படி விழுந்தேன்னே தெரியல."

எனக்குத் தெரிந்தது. தீம் பார்க்கில் வாடகைக்கு எடுத்த மொபிலிட்டி ஸ்கூட்டர்; நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டி. இறங்கும்போது சாவியை அணைக்கவில்லை. எழுந்து நிற்க ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறார். பிடித்த இடத்தில் வண்டியை ஓடவைக்கும் லீவர் இருந்தது. வண்டி முன்னால் இழுத்துக்கொண்டு போக, இவர் பக்கவாட்டில் விழுந்து கையை ஊன்றியிருக்கிறார். பிசியோதெரபிஸ்டாக இதே கதையை வேறு வேறு வாயிலிருந்து கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

விசாரித்துப் பார்த்தால், கோளாறு முதல் நாளே தொடங்கியிருக்கிறது. அவருக்கு முழங்கால் தேய்மானம் உண்டு. ஸ்கூட்டர் எடுத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னபோது, "நான் இன்னும் நல்லாத்தானே நடக்கிறேன்" என்று மறுத்துவிட்டார். அன்று முழுக்க நடந்தார். ராத்திரி முழங்கால் பந்து போல வீங்கிவிட்டது. மறுநாள் காலை, வலியும் தூக்கமில்லாத கண்ணுமாக, கிடைத்த வண்டியை வாங்கிக்கொண்டு நேராகக் கூட்டத்துக்குள் ஓட்டிப் போயிருக்கிறார்.

இந்த "இன்னும் நடக்கிறேனே" என்ற பேச்சுதான் எனக்குத் தாங்கவில்லை. நடக்க முடியுமா, முடியாதா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. எவ்வளவு தூரம் முடியும்? எவ்வளவு நேரம் நின்றபிறகு முடியும்? இன்று நடந்தால் நாளை எழுந்திருக்க முடியுமா? இப்படித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள்ளும் தெருமுனை வரையிலும் சிரமமில்லாமல் போய் வருகிறவர், அதை வைத்துத் தீம் பார்க்கை எடை போடுகிறார். பெரிய பூங்காக்களில் ஒரு நாளில் பத்து கிலோமீட்டர் நடந்துவிடுவது சாதாரணம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவில், ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகளின் அரங்குகள் இருக்கும் பாதை மட்டும் 1.2 மைல், அதாவது கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். அது அந்தப் பூங்காவின் ஒரு பகுதிதான். வாகன நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு வரும் தூரம், வரிசையில் நிற்கும் நேரம் எல்லாம் தனி. தேய்ந்த மூட்டுக்கு நடப்பதைவிட அசையாமல் நிற்பதுதான் பல சமயம் பெரிய தண்டனை.

கீழ்முதுகில் நரம்புகள் செல்லும் பாதை குறுகிப்போனவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரம் நன்றாக நடப்பார்கள். பிறகு கால் கனத்து, மரத்து, நின்றுவிடுவார்கள். சில நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். (கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி போனால் வலி வருவதில்லை என்று ஒருவர் சொன்னாலே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும், முதுகு முன்னால் வளையும்போது அந்தப் பாதை சற்று விரிகிறது.) இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் நோயுள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையின் களைப்பில் இருப்பவர்கள் எல்லாரும் இதே கணக்குதான். இவர்கள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பத்தடி நடந்து ரைடில் ஏறினால், "நல்லாத்தானே நடக்கிறார், எதுக்கு வண்டி?" என்று பின்னால் பேசுகிறார்கள். தயவுசெய்து பேசாதீர்கள். அந்தப் பத்தடிக்காகத்தான் அவர் மிச்சத் தூரத்தை வண்டியில் வந்தார்.

"உட்கார்ந்தே பழகிவிட்டால் மூட்டு இறுகிவிடுமே?" என்றும் கேட்கிறார்கள். நான்கு நாள் சுற்றுலாவில் எந்த மூட்டும் அப்படிக் கெட்டுப்போகாது. அரை மணிக்கு ஒருமுறை பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள், மணிக்கொருமுறை இறங்கிச் சற்று நடங்கள், போதும். வீங்கிய முழங்காலோடு ஊர் திரும்பினால்தான் வாரக்கணக்கில் நடக்க முடியாமல் போகும். அதனால் முதல் நாள் காலையிலேயே வண்டியை எடுங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம்.

இதில் காலால் மிதிக்கும் பிரேக் இருக்காது. லீவரை அழுத்தினால் ஓடும், விட்டால் நின்றுவிடும். பெரும்பாலான வண்டிகளில் வலது பக்கம் அழுத்தினால் முன்னே, இடது பக்கம் அழுத்தினால் பின்னே. பல வருடம் பைக் ஓட்டியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். பதற்றம் வந்தால் அவர்கள் கை தானாக இறுக்கிப் பிடிக்கும். பைக்கில் அது பிரேக், இங்கே அதுவே வேகம். ஆபத்து என்றால் கையை விட வேண்டும் என்பதை மூளைக்கு அல்ல, விரல்களுக்குப் பழக்க வேண்டும். கூட்டமில்லாத சமதரையில் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், பின்னால் எடுங்கள், திரும்புங்கள். அப்புறம் உள்ளே போங்கள். வேகத் திருகில் ஆமையும் முயலும் வரைந்திருக்கும். கூட்டத்தில் ஆமைதான். முன்னால் போகிறவர் எந்த நொடியும் நிற்பார். உங்கள் வண்டியின் முன்பக்கம் அவருடைய குதிகாலில்தான் போய் இடிக்கும்.

மூன்று சக்கர வண்டி சின்ன இடத்தில் அழகாகத் திரும்பும். ஆனால் வேகமாகத் திருப்பினால் சாய்ந்துவிடும். சாய்தளத்தில் நேராக ஏறி நேராக இறங்குங்கள், குறுக்காகப் போகவே கூடாது. கனமான பைகளை முதுகுப் பக்கம் மாட்டாதீர்கள், ஏற்றத்தில் வண்டி பின்னால் கவிழப் பார்க்கும். பேரப்பிள்ளையை மடியில் வைத்து ஓட்டவே வேண்டாம். குழந்தையின் கை முதலில் தொடுவது அந்த லீவரைத்தான். பின்பக்கம், வண்டியைக் கையால் தள்ளுவதற்காக ஒரு பிடி இருக்கும். அதைத் திருப்பினால் தானியங்கி பிரேக் விலகிவிடும், சரிவில் வண்டி உருண்டே போகும். உடன் வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

பேட்டரியை ஒவ்வொரு இரவும் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். நிற்கும்போது முள் நிறையக் காட்டும்; ஏற்றத்தில் போகும்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதுதான் நிஜம். சில ரைடுகளின் வரிசை குறுகலாக இருக்கும். அங்கே சக்கர நாற்காலிக்கு மாற வேண்டியிருக்கலாம், ஊழியர்களிடம் முதலிலேயே கேளுங்கள்.

எல்லாரும் ஓட்டலாமா? கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கப் பார்வை போனவர்களும், ஒரு பக்கத்தைக் கவனிக்கவே மறந்துவிடுகிறவர்களும் ஓட்டக் கூடாது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின், ப்ரீகாபலின் போன்ற மாத்திரைகள் தலைசுற்றலும் தூக்கமும் தரும். அவற்றைப் புதிதாகத் தொடங்கியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள். இவர்கள் சக்கர நாற்காலியில் உட்காரட்டும், இன்னொருவர் தள்ளட்டும்.

இறங்கும் முறையை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் நிறுத்துங்கள். சாவியை அணையுங்கள். இருக்கை சுழலும் வகையென்றால் பக்கவாட்டில் திருப்பி, 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டதா பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் ஊன்றியபிறகு, இருக்கையை அழுத்தி எழுந்திருங்கள். ஹேண்டில்பாரைத் தொடவே வேண்டாம்.

அந்தப் பெரியவருக்கு மறுபடியும் போகும் எண்ணம் இருக்கிறது, நானும் போகச் சொல்லியிருக்கிறேன். இப்போது பயிற்சி முடிந்து நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும், இல்லாத சாவி ஒன்றை வலது கையால் திருப்பி அணைக்கச் சொல்கிறேன். மணிக்கட்டுக்கும் அது நல்ல பயிற்சி. நேற்று பாதி வரைதான் திரும்பியது.